ஒரு சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர்?

கவுண்டர் ஸ்டிரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் வெளிவந்தது 2003-ல். பிரவுசிங் சென்டர்களில் அதை ஆடி வளர்ந்தவர்களுக்கு மவுஸ் சென்சிட்டிவிட்டி, அதாவது கை அசைவுக்குத் திரையில் குறி நகரும் வேகம், சிஸ்டத்தோடு ஒட்டிக்கொண்ட விஷயம். "அண்ணா, மூணாம் நம்பர் காலியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வரும் பையன் உண்மையில் கேட்பது அந்த மவுஸைத்தான். அவன் கைக்கு அது பழகியிருக்கும். அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருந்து, ஏழாம் நம்பர் கிடைத்தால் அன்றைய ஆட்டம் போச்சு.

பல சென்டர்களில் அப்போதும் இருந்தது உருண்டை மவுஸ்தான். அடியில் உள்ள வளையத்தைத் திருகினால் ரப்பர் பூசிய உருண்டை உள்ளங்கையில் வந்து விழும். உள்ளே இரண்டு சின்ன உருளைகள், ஒன்று மேல்கீழ் அசைவுக்கு, மற்றது பக்கவாட்டுக்கு. நடுவில் கறுப்பு வளையமாக அழுக்கு கெட்டிதட்டிப் போயிருக்கும். நகத்தால் சுரண்டி, ஊதி, உருண்டையைச் சட்டையில் துடைத்து மூட வேண்டும். ஓர் உருளையில் மட்டும் அழுக்கு ஏறிவிட்டால் குறி அந்தத் திசையில் தடுக்கித் தடுக்கி நகரும். காலையில் சரியாக இருந்த வேகம் மாலையில் இருக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் இடம். பிளைவுட் தடுப்புக்கும் கீபோர்டுக்கும் நடுவே, இழுப்புத் தட்டில் மவுஸுக்குக் கிடைத்தது ஒரு சாண். முழங்கையை அசைக்க வழியே இல்லை, மணிக்கட்டுதான் எல்லா வேலையும் செய்தது. அதனால் எல்லோரும் வேகத்தைக் கூட்டி வைத்து ஆடினார்கள். முதுகுக்குப் பின்னால் சுடுபவனை நோக்கித் திரும்புவது எளிது. தூரத்தில் புள்ளியாகத் தெரியும் தலைமேல் குறியை நிறுத்துவதுதான் பெரும்பாடு. போதாததற்கு, கையை வேகமாக இழுத்தால் குறியைக் கூடுதல் தூரம் ஓடவிடும் ஆக்சிலரேஷனை விண்டோஸ் எக்ஸ்பி தானாகவே போட்டு வைத்திருந்தது. கேமின் ஷார்ட்கட்டில் சில கட்டளைகளைச் சேர்த்து அதை அடக்கத் தெரிந்த ஓர் அண்ணன் இருந்தால் அந்தச் சென்டரில் அவருக்குத் தனி மரியாதை.

பிறகு அடியில் சிவப்பு ஒளி மின்னும் ஆப்டிகல் மவுஸ் வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரரை 1999-லேயே கொண்டுவந்துவிட்டது. நம் ஊர்ச் சென்டர்களுக்கு வந்து சேரத்தான் நாளானது. மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை படம்பிடித்து, எவ்வளவு நகர்ந்தோம் என்று அது கணக்கிடுகிறது. கை அசைவு நிலையான எண்ணாக மாறியது இங்கேதான். இந்த விஷயத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுவே என்பேன்.

இன்று கணக்கு தெளிவு. கவுண்டர் ஸ்டிரைக்கில் 400 டிபிஐ மவுஸோடு, அதாவது ஓர் அங்குல நகர்வை 400 புள்ளிகளாக எண்ணும் மவுஸோடு, சென்சிட்டிவிட்டி 2 வைத்தால், கேமுக்குள் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் சுமார் 52 சென்டிமீட்டர் நகர வேண்டும். 800 டிபிஐ-யில் 1 வைத்தாலும் அதே 52 தான். வேலரன்ட் என்ற இன்னொரு சுடும் கேமுக்குப் போகிறவர்கள் சென்சிட்டிவிட்டி எண்ணை 3.18-ஆல் வகுத்துக்கொள்கிறார்கள். மவுஸ் மாறலாம், கேம் மாறலாம், சென்டிமீட்டர் கூடவே வரும். மூணாம் நம்பர் சிஸ்டத்துக்காகக் காத்து நின்ற தலைமுறைக்கு இது கிடைத்திருக்க வேண்டும் என்று ஏங்கவே தோன்றுகிறது.

ஆனால் இந்த வசதியே இன்றைய பிள்ளைகளை அலைக்கழிக்கவும் செய்கிறது. புரோ பிளேயர் ஒருவரின் எண்ணை அப்படியே எடுத்து வைக்கிறார்கள். இரண்டு மேட்ச் தோற்றதும் வேறொருவரின் எண். கை எதற்குத்தான் பழகும்? அந்த புரோ முன்கை முழுவதையும் வீசி ஆடுவது 45 சென்டிமீட்டர் அகல மவுஸ் பேடில். விடுதி அறை மேசையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் மூலைக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்?

முதலில் ஸ்கேலை எடுத்து மேசையில் இருக்கும் இடத்தை அளக்க வேண்டும். பாதிச் சுற்று, அதாவது பின்னால் திரும்புவது, ஒரே இழுப்பில் அடங்க வேண்டும். 52 என்றால் அதற்கு 26 சென்டிமீட்டர். விண்டோஸ் ஆக்சிலரேஷனை நிறுத்திவிட்டு, கேமுக்குள் சுவரில் ஒரு புள்ளியைக் குறிபார்த்தபடியே இடமும் வலமுமாக நடந்து பாருங்கள். குறி புள்ளியைத் தாண்டித் தாண்டி ஓடினால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், பின்தங்கினால் கொஞ்சம் கூட்டலாம். அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு அந்த எண்ணைத் தொடவே கூடாது. உருண்டை மவுஸ் காலத்துப் பையன் வேறு வழியில்லாமல் ஒரே மவுஸோடு மல்லுக்கட்டிப் பழகினான். இவர்கள் அதை விரும்பிச் செய்ய வேண்டியிருக்கிறது.

மேசை சிறியது என்பதற்காக உடனே வேகத்தைக் கூட்டிவிட வேண்டியதில்லை. நெருக்கியடித்து உட்கார வைக்கும் டோர்னமென்ட் மேசைகளில் பெரிய பிளேயர்களே கீபோர்டைச் சாய்த்து, ஏறக்குறைய செங்குத்தாகத் திருப்பி வைத்து மவுஸுக்கு வழிவிடுகிறார்கள். விடுதி மேசையிலும் அதைச் செய்து பார்த்துவிட்டு, கிடைத்த இடத்தை மறுபடி ஒருமுறை அளந்துகொண்டு எண்ணை முடிவு செய்யலாம்.