ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள் தரவரிசையிலேயே இல்லை... டேபிள் டென்னிஸில் என்னதான் நடந்தது?

2024 ஆகஸ்ட் 4. பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆடவர் ஒற்றையர் இறுதிப் போட்டியில் ஸ்வீடனின் ட்ரூல்ஸ் மொரேகார்டை 4-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றார் சீனாவின் ஃபான் ஜென்டோங். அதற்கு முந்தைய நாள்தான் சக நாட்டு வீராங்கனை சுன் யிங்ஷாவை 4-2 என்று வென்று, தொடர்ந்து இரண்டாவது ஒலிம்பிக்கிலும் மகளிர் ஒற்றையர் தங்கத்தைத் தட்டியிருந்தார் சென் மெங்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்த டிசம்பர் கடைசி வாரத்தில், உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்து விலகுவதாக இருவரும் அடுத்தடுத்து அறிவித்தார்கள். இருவருக்கும் காயம் இல்லை, ஊக்கமருந்து விவகாரமும் இல்லை. 'ரிட்டயர் ஆகிறோம்' என்றும் சொல்லவில்லை. ஃபான் அப்போது 28 வயதுகூட ஆகாதவர்.

பிறகு ஏன்? இருவரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: போட்டிகளில் ஆடாவிட்டால் அபராதம் என்ற விதி. ஆடு, இல்லாவிட்டால் பணம் கட்டு, இரண்டும் வேண்டாம் என்றால் தரவரிசையிலிருந்தே வெளியேறு. இந்த மூன்றில் மூன்றாவதை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒலிம்பிக் சாம்பியன்களையே வெளியேற வைத்த அந்த விதி எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள டேபிள் டென்னிஸின் தொழில்முறைச் சுற்று எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

'டபிள்யூ.டி.டி.' என்பது என்ன?

சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு 1926-ல் தொடங்கப்பட்டது. 1996-லிருந்து அது 'புரோ டூர்' என்ற சுற்றை நடத்தியது. பிறகு 'வேர்ல்டு டூர்' என்று பெயர் மாறியது. டென்னிஸ் அளவுக்குப் பணமோ, டிவி வெளிச்சமோ அதில் இல்லை என்ற குறை நீண்ட நாளாக இருந்தது.

அதைச் சரிசெய்யத்தான் 'வேர்ல்டு டேபிள் டென்னிஸ்', சுருக்கமாக டபிள்யூ.டி.டி., என்ற வணிக அமைப்பைக் கூட்டமைப்பே உருவாக்கியது. 2021 மார்ச்சில் தோஹாவில் முதல் போட்டிகள் நடந்தன. 2022 மார்ச்சில் நடந்த சிங்கப்பூர் ஸ்மாஷின் மொத்தப் பரிசுத் தொகை 20 லட்சம் டாலர். அந்த முதல் ஸ்மாஷில் ஒற்றையர் பட்டங்களை வென்றது யார் தெரியுமா? ஃபான் ஜென்டோங்கும் சென் மெங்கும்தான்.

இந்தச் சுற்றை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளலாம். உச்சியில் கிராண்ட் ஸ்மாஷ், டென்னிஸின் கிராண்ட் ஸ்லாம் மாதிரி. அதற்குக் கீழே 16 பேர் மட்டும் ஆடும் ஆண்டு இறுதி ஃபைனல்ஸ், 32 பேர் ஆடும் சாம்பியன்ஸ், பிறகு ஸ்டார் கன்டென்டர், கன்டென்டர். கடைசிப் படி ஃபீடர்.

பாயின்ட் கணக்கு எப்படி?

ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், கிராண்ட் ஸ்மாஷ் ஆகியவற்றில் ஒற்றையர் பட்டம் வென்றால் 2,000 புள்ளிகள். உலகக் கோப்பைக்கும் ஃபைனல்ஸுக்கும் 1,500. சாம்பியன்ஸ் தொடருக்கு 1,000. ஸ்டார் கன்டென்டருக்கு 600, கன்டென்டருக்கு 400. ஃபீடர் பட்டம் வென்றால் 125.

கடந்த 12 மாதங்களில் ஒருவர் எடுத்த மிகச் சிறந்த எட்டு முடிவுகளைக் கூட்டினால் வருவதுதான் அவருடைய தரவரிசைப் புள்ளி. 12 மாதம் முடிந்ததும் பழைய புள்ளிகள் கழன்றுவிடும். அதாவது போன வருடம் வென்ற பட்டத்தை இந்த வருடமும் 'புதுப்பிக்க' வேண்டும். ஓய்வெடுத்தால் இறங்குமுகம்தான்.

வீரர்களுக்கு இந்த எண் வெறும் கௌரவம் இல்லை. எந்தப் போட்டியில் நேரடியாக ஆட முடியும், யாரைத் தகுதிச் சுற்றுக்கு அனுப்புவார்கள், முதல் சுற்றில் யார் எதிரே வருவார் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. ஒலிம்பிக் வாய்ப்பும் அதைத்தான் நம்பியிருக்கிறது. இந்திய ஆடவர், மகளிர் அணிகள் ஒலிம்பிக் குழுப் போட்டிக்கு முதல்முறையாகத் தகுதி பெற்றது பாரிஸுக்குத்தான். அணிகளின் உலகத் தரவரிசைதான் அந்தக் கதவைத் திறந்தது.

சரி, ஆடாவிட்டால் என்ன ஆகும்?

பெரிய போட்டிகள், தகுதி பெற்ற முன்னணி வீரர்களுக்குக் கட்டாயம். ஏற்கப்படும் காரணம் இல்லாமல் விலகினால் இரண்டு அடி விழும். ஒன்று, அந்தப் போட்டிக்குப் பூஜ்யம் புள்ளி. அந்தப் பூஜ்யமும் எட்டு முடிவுகளில் ஒன்றாகக் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று, அபராதம். ஒரு போட்டிக்கு 5,000 டாலர் என்று அப்போது செய்திகள் வெளியாயின. அன்றைய மதிப்பில் சுமார் 4.25 லட்சம் ரூபாய்.

'ஒலிம்பிக் சாம்பியனுக்கு 5,000 டாலர் ஒரு காசா?' என்று கேட்கலாம். 2024-ம் ஆண்டின் காலண்டரைப் பார்த்தால் சிக்கல் புரியும். பிப்ரவரியில் பூசானில் உலகக் குழு சாம்பியன்ஷிப். மார்ச்சில் சிங்கப்பூர் ஸ்மாஷ், அது முடிந்த கையோடு இன்சியோன் சாம்பியன்ஸ். ஏப்ரலில் மக்காவ் உலகக் கோப்பை. மே மாதம் ஜெட்டாவில் சவுதி ஸ்மாஷ், அடுத்து சோங்சிங் சாம்பியன்ஸ். ஜூலை, ஆகஸ்டில் ஒலிம்பிக். செப்டம்பரில் மறுபடி மக்காவ், பிறகு பெய்ஜிங்கில் சைனா ஸ்மாஷ். அக்டோபரில் பிரான்ஸின் மோன்பெலியே, நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பர்ட், அதே மாதம் ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஃபைனல்ஸ். டிசம்பரில் செங்டுவில் கலப்புக் குழு உலகக் கோப்பை.

இதற்கு நடுவில்தான் உள்நாட்டு லீக், தேசியப் போட்டிகள், பயிற்சி முகாம்கள். ஆண்டு முழுக்கத் தயாரான ஒலிம்பிக் முடிந்த பிறகு, ஒருவர் சில மாதம் மூச்சு வாங்க நினைத்தால் ஒவ்வொரு போட்டிக்கும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பாரிஸுக்குப் பிறகு ஃபான் இந்தச் சுற்றின் பக்கமே வரவில்லை. உடலும் மனமும் இருக்கும் நிலையில் இதைத் தாங்க முடியாது என்பதுதான் அவர் சமூக வலைதளத்தில் எழுதியதன் சாரம்.

டபிள்யூ.டி.டி. தரப்பு வாதம் என்ன?

இது புதிதாகக் கொண்டுவந்த விதி இல்லை, ஏற்கெனவே வீரர்கள் கையேட்டில் இருப்பதுதான் என்றது அமைப்பு. காயம் போன்ற மருத்துவக் காரணங்களுக்கு விலக்கு உண்டு என்றும் சொன்னது.

இந்த வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. போட்டியை நடத்தும் நகரமும் ஸ்பான்சரும் டிவி நிறுவனமும் பணம் கொட்டுவது நட்சத்திரங்களுக்காகத்தான். டிக்கெட் வாங்கிய ரசிகர் அரங்கத்துக்கு வந்து பார்க்கும்போது பிடித்த வீரர் இல்லை என்றால், அடுத்த முறை வர மாட்டார். டென்னிஸிலும் மாஸ்டர்ஸ் 1000 போன்ற தொடர்கள் தகுதி பெற்ற முன்னணி வீரர்களுக்குக் கட்டாயமாகவே இருக்கின்றன.

ஆனால் டென்னிஸில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆடவர் சுற்றை நடத்தும் ஏ.டி.பி. அமைப்பின் நிர்வாகக் குழுவில் வீரர்களின் பிரதிநிதிகளும் போட்டி நடத்துபவர்களின் பிரதிநிதிகளும் சம அளவில் இருக்கிறார்கள். டேபிள் டென்னிஸில் சுற்றை நடத்துவது, தேசிய சங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய கூட்டமைப்பின் நிறுவனம். வீரர் தன் பெயரைப் பதிவு செய்வதும் தேசிய சங்கம் வழியாகத்தான்.

சீனாவில் இது இன்னும் சுவாரசியம். சர்ச்சை வெடித்த நேரத்தில் சீன டேபிள் டென்னிஸ் சங்கத்தின் தலைவர் லியு குவோலியாங். 1996 ஒலிம்பிக்கில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றவர். டபிள்யூ.டி.டி.யின் தலைமைப் பொறுப்பிலும் அவர்தான் இருந்தார். வீரர்கள் முறையிட வேண்டிய இடத்திலும், முறையீட்டைக் கேட்க வேண்டிய இடத்திலும் ஒரே ஆள்! வீரர்களின் முடிவை மதிப்பதாகவும், சர்வதேச அமைப்புகளுடன் பேசுவதாகவும் சீன சங்கம் சொன்னது. 2025 ஏப்ரலில் சங்கத்தின் தலைவர் பொறுப்பு வாங் லிசினிடம் போனது.

ஏணியின் கீழ்ப் படியில் என்ன நிலைமை?

உச்சியில் இருப்பவருக்கு 'இத்தனை போட்டி ஆட முடியாது' என்பது பிரச்சினை. கீழே இருப்பவருக்கோ 'எப்படியாவது ஆட வேண்டும்' என்பது பிரச்சினை. இரண்டுக்கும் காரணம் அதே புள்ளிப் பட்டியல்தான்.

ஒரு சின்னக் கணக்கு. எட்டு முடிவுகள் மட்டுமே எண்ணப்படும். ஒருவர் எட்டு ஃபீடர் போட்டிகளுக்குப் போய் எட்டிலும் பட்டம் வென்றால் கிடைப்பது 1,000 புள்ளிகள். இது ஒரே ஒரு சாம்பியன்ஸ் பட்டத்துக்குச் சமம். ஒரு கிராண்ட் ஸ்மாஷ் பட்டத்தில் பாதி. எட்டு நாடுகள், எட்டு விமானப் பயணங்கள், எட்டு விசாக்கள். ஒன்றில்கூடத் தோற்கக் கூடாது. நிஜத்தில் யாராலும் முடியாது.

ஆனாலும் ஃபீடரைத் தாண்டாமல் மேலே போக வழியில்லை. சென்னையின் சத்தியன் ஞானசேகரன் 2019-ல் உலகின் 24-வது இடம் வரை போனவர். முதல் 25 இடங்களுக்குள் வந்த முதல் இந்தியர். பின்னர் தரவரிசையில் சரிந்தார். 2024 மார்ச்சில் பெய்ரூட் ஃபீடர் தொடரின் இறுதிப் போட்டியில் சக இந்தியர் மானவ் தக்கரை வென்று பட்டம் எடுத்தார். ஃபீடர் தொடரில் ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெயரும் கிடைத்தது. உலகின் 24-ம் நிலை வரை போனவரையே ஏணியின் கடைசிப் படிக்குத் திரும்ப வைக்கும் கணக்கு இது.

மேலே ஏறினால் கிடைக்கும் பலனும் பெரிது. 2024 ஜூனில் லாகோஸில் ஸ்ரீஜா அகுலா கன்டென்டர் ஒற்றையர் பட்டம் வென்றார். இந்தியருக்கு இது முதல்முறை. சவுதி ஸ்மாஷில் அன்றைய உலகின் 2-ம் நிலை வீராங்கனை வாங் மன்யுவை வென்று காலிறுதி வரை போனார் மணிகா பத்ரா. பாரிஸ் ஒலிம்பிக்கில் இருவருமே ஒற்றையரில் கடைசி 16 பேருக்குள் வந்தார்கள்.

அதே லாகோஸில் ஸ்ரீஜாவோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றவர் அர்ச்சனா காமத். பாரிஸில் காலிறுதி வரை போன இந்திய மகளிர் அணியிலும் இருந்தார். ஜெர்மனியிடம் தோற்ற அந்தக் காலிறுதியில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அவருடையது. ஒலிம்பிக் முடிந்ததும், 24 வயதிலேயே, வெளிநாட்டில் படிப்பதற்காக ஆட்டத்தை விட்டு விலகினார்.

சென்னை ரசிகர்கள் பார்த்தது

2025 மார்ச் 25 முதல் 30 வரை சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கில் ஸ்டார் கன்டென்டர் தொடர் நடந்தது. மொத்தப் பரிசு 2,75,000 டாலர். 42 வயது சரத் கமலின் கடைசித் தொழில்முறைத் தொடர் அது. காலிறுதிக்கு முந்தைய சுற்றில் இளம் இந்திய வீரர் ஸ்னேஹித் சுரவஜ்ஜுலாவிடம் தோற்று, சொந்த ஊர் ரசிகர்கள் முன்னிலையிலேயே விடைபெற்றார்.

ஐந்து ஒலிம்பிக், காமன்வெல்த் விளையாட்டில் ஏழு தங்கம், பத்து முறை தேசிய சாம்பியன். 2010-ல் எகிப்து ஓபனை வென்று, புரோ டூர் பட்டம் வென்ற முதல் இந்தியரானார். அடுத்த பட்டம் 2020-ல் ஓமனில்தான் வந்தது. நடுவில் பத்து வருடம்! அத்தனை காலம் அவர் தாக்குப்பிடித்ததில் ஐரோப்பிய லீக்குகளுக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியின் பொருசியா டுசல்டார்ஃப் கிளப்புக்காகவும் ஆடியிருக்கிறார். சர்வதேசக் கூட்டமைப்பின் வீரர்கள் ஆணையத்துக்கு 2022-ல் தேர்வான முதல் இந்தியரும் அவர்தான்.

கிளப் ஆட்டத்தில் உலகத் தரவரிசைப் புள்ளி கிடையாது. ஆனால் ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, எப்போது ஆட்டம், எப்போது ஓய்வு என்பது முன்கூட்டியே தெரியும்.

ஃபான் எங்கே போனார்?

அதே ஜெர்மனிக்குத்தான். 2025 ஜூனில் சார்புருக்கன் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்ற கிளப் அது. தரவரிசையில் பெயர் இல்லாத ஒலிம்பிக் சாம்பியன், பிரான்ஸ் எல்லையோரம் இருக்கும் ஒரு சின்ன நகரத்தின் அணிக்கு ஆடப் போனார்.

அவர் விலகியதால் போட்டிகள் நின்றுவிடவில்லை. 2025 பிப்ரவரியில் 19 வயது லின் ஷிடோங் உலகின் முதலிடத்துக்கு வந்தார். ஆடவரில் இவ்வளவு இளம் வயதில் முதலிடம் பிடித்தவர் வேறு யாரும் இல்லை. அதே ஆண்டு லாஸ் வேகாஸிலும் ஸ்வீடனின் மால்மோவிலும் புதிய ஸ்மாஷ் தொடர்கள் சேர்ந்தன. கிராண்ட் ஸ்மாஷ் எண்ணிக்கை மூன்றிலிருந்து நான்கானது. காலண்டர் இன்னும் நிரம்பியிருக்கிறது.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் டேபிள் டென்னிஸுக்கு ஆறு தங்கங்கள். ஆடவர், மகளிர் இரட்டையர் திரும்ப வருகிறது. கலப்புக் குழுப் போட்டி புதிதாக வருகிறது. அதற்கான ஓட்டத்திலும் தரவரிசைதான் பெரிய டிக்கெட். லின் ஷிடோங்கின் தலைமுறை அந்த டிக்கெட்டுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. பாரிஸில் தங்கம் வாங்கிய களைப்பில் ஃபானும் சென் மெங்கும் கேட்டது சில மாத ஓய்வு. அதே களைப்பு இவர்களுக்கும் ஒருநாள் வரும். அப்போது ஓய்வு கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்பதில்தான், ஃபானின் விலகலிலிருந்து இந்த விளையாட்டு எதையாவது கற்றுக்கொண்டதா என்பது தெரியும்.