பொம்மைக் கரடியோடு பனிமலைப் பயணம்!

மலை வரையச் சொன்னால் என்ன வரைவீர்கள்? ஒரு முக்கோணம், அதன் உச்சியில் கொஞ்சம் வெள்ளைப் பனி. அச்சு அசலாக அப்படியே ஒரு மலை இருக்கிறது குட்டீஸ்! பெயர் மாட்டர்ஹார்ன். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, ஆல்ப்ஸ் மலைத்தொடரில் நிற்கிறது. உயரம் 4,478 மீட்டர். அடிவாரத்தில் உள்ள செர்மாட் என்ற ஊருக்கு வருபவர்கள் இதைப் படம் எடுக்காமல் திரும்புவதே இல்லை.

பார்க்கத்தான் அழகு! 1865-ம் ஆண்டு ஜூலை 14 அன்று, எட்வர்ட் விம்பர் என்ற இங்கிலாந்துக்காரரும் அவரோடு 6 பேரும் முதன்முதலாக இதன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது ஒருவருக்குக் கால் வழுக்கியது. கயிறு அறுந்தது. 4 பேர் விழுந்து இறந்துபோனார்கள்.

ஏறக்குறைய 100 ஆண்டுகள் கழித்து, 1965 பிப்ரவரியில், இத்தாலியைச் சேர்ந்த வால்டர் பொனாட்டி இந்த மலைக்கு வந்தார். வடக்குப் பக்கம் சுமார் 1,200 மீட்டருக்குச் சுவர் போல எழும்பி நிற்கும். அதில் யாருமே போகாத புது வழியில் ஏறவேண்டும் என்பது அவர் ஆசை. அதுவும் கடும் குளிர்காலத்தில்!

முதலில் இரண்டு நண்பர்களோடு ஏறினார். நடுவழியில் புயல் பிடித்துக்கொண்டது. மூவரும் எப்படியோ உயிரோடு கீழே வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் பொனாட்டி மறுபடியும் கிளம்பினார். இந்த முறை தனி ஆளாக!

இருவர் ஏறினால், ஒருவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார். மேலே போகிறவர் தவறினாலும் கயிறு தாங்கிக்கொள்ளும். தனி ஆளுக்கு யார் பிடிப்பது? பாறை இடுக்கில் ஆணி அடித்துக் கயிற்றைக் கட்டவேண்டும். கனமான பையை அங்கேயே தொங்கவிட்டு, கயிறு எட்டும் தூரம் வரை ஏறி, மேலேயும் ஆணி அடித்துக் கட்டவேண்டும். அப்புறம் பைக்காகக் கயிற்றைப் பிடித்துக் கீழே இறங்கவேண்டும். அடித்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஏறவேண்டும். ஆணி தீர்ந்துவிட்டால் அங்கே கடையா இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் உயர, 100 மீட்டர் ஏறி, 100 மீட்டர் இறங்கி, திரும்பவும் 100 மீட்டர் ஏறவேண்டும். மொத்தம் 300 மீட்டர்!

குளிர்காலத்தில் ஒரு நன்மையும் உண்டு. மாட்டர்ஹார்னில் உதிரிக் கற்கள் அதிகம். கோடையில் அவை தலைமேல் உருண்டு விழும். குளிரில் பனி உறைந்து, பசை போட்டது போலக் கற்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே பனி, விரல் நுழைய வேண்டிய இடுக்குகளையும் அடைத்துவிடும். வடக்குப் பக்கம் என்பதால் வெயிலும் எட்டிப் பார்க்காது. தாகம் எடுத்தால் பனிக்கட்டியை அடுப்பில் வைத்து உருக்கித்தான் குடிக்க வேண்டும்.

துணைக்கு யாருமே இல்லையா என்கிறீர்களா? இருந்ததே! பொனாட்டியின் பையில் ஒரு குட்டிக் கரடி பொம்மை. பெயர் சிசி. உலகத்தின் மிகக் கடினமான மலைகளில் ஏறிய வீரர் பொம்மையோடு போனார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பிப்ரவரி 18-ல் புறப்பட்டவர், நான்கு இரவுகளைக் குளிரில் கழித்தார். 22-ம் தேதி உச்சியை அடைந்தார். அங்கே நடப்பட்டிருந்த இரும்புச் சிலுவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அவருக்கு வயது 34. புகழின் உச்சியில் இருந்தவர், "இனி இதுபோன்ற ஆபத்தான ஏற்றங்கள் வேண்டாம்" என்று முடிவு செய்துவிட்டார்! அதன்பின் காடு, பாலைவனம், எரிமலை என்று உலகம் முழுக்கச் சுற்றி, 'எப்போகா' என்ற இத்தாலியப் பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுதினார். 2011-ல் காலமானபோது அவருக்கு வயது 81.