ஈர மணலில் இருசக்கரப் பயணம்

கடலில்லா ஈரோட்டில் வளரும் நம் இளைஞர்களுக்கு, கடற்கரை மணலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதென்றால் தனி ஆவல். அதற்குப் பெயர்பெற்ற இடம் கேரளத்தில், கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் இடையிலுள்ள முழப்பிலங்காடு. அக்கடற்கரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுடையது.

சக்கரம் புதையாதது எப்படி? உலர்ந்த மணலில் துகள்கள் ஒன்றையொன்று பற்றுவதில்லை, சக்கரம் ஆழ்ந்துவிடும். அலை மீண்ட இடத்திலோ, துகள்களிடையே தங்கும் சிறிதளவு நீர் அவற்றைப் பிணைத்து இறுக்குகிறது. நீர் மிகுந்தால் அப்பிணைப்பும் தளரும். ஆகவே உலர்மணலுக்கும் அலைக்கும் இடைப்பட்ட பட்டை மட்டுமே பாதையாகும்.

அதுவும் நிலையானதன்று. கடலின் ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. நேற்றைய நேரம் இன்றைக்குப் பொருந்தாது. பிறைக் கணக்கறிந்த நமக்கு இன்னொன்றும் எளிதில் விளங்கும்: தலைப்பிறையையும் 14, 15-ஆம் பிறைகளையும் ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகுதி.

பெற்றோர்களே! பிள்ளைகளை வெறுமனே தடுக்காமல், அறிவுறுத்தி அனுப்புங்கள். ஏற்ற நேரத்தை உள்ளூர் மீனவரிடம் கேட்டறியட்டும். மணலாயினும் தலைக்கவசம் அணியட்டும். விளையாடும் குழந்தைகளைக் கண்டால் வேகம் குறைக்கட்டும். உப்பு இரும்பை அரிக்குமாதலால், திரும்பியதும் வண்டியை நன்னீரால் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் இடட்டும். பருவமழைக் காலத்தில் தடையிருப்பின், மணலில் இறங்காது கரையில் நின்று கடலைக் கண்டு திரும்புவதே விவேகம்.