லேசாக முறுக்கினால் மிஸ்ஸிங்

முழுசாக முறுக்கினால் ஆர்எக்ஸ் 100 இன்றைக்கும் சீறும். அதே வண்டியைக் கடைவீதியில் மூன்றாவது கியரில் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். வெட்டி வெட்டி இழுக்கும், செயின் டக் டக்கென்று அடிக்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் உங்கள் தோளைப் பிடித்துக்கொள்வார். யெஸ்டி, ராஜ்தூத், 1984-இல் ஓசூரிலிருந்து வந்த இண்ட்-சுசுகி என்று எந்த டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவரும் சொல்லும் புகார்தான். பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் ஸ்க்ரூடிரைவர் கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவுக்குப் போகும். உண்மையில் அது கடைசியில் தொடவேண்டிய இடம்.

இந்த வெட்டலில் ஒரு பங்கு கோளாறே அல்ல, என்ஜினின் பிறவிக்குணம். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எரிந்த புகையை வெளியேற்ற பிஸ்டனுக்கென்று தனி ஓட்டம் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸிலிருந்து ஏறிவரும் புதுக் கலவைதான் பழைய புகையை முட்டித் தள்ள வேண்டும். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்தால் வரும் கலவை கொஞ்சம்தான். தள்ளும் பலம் அதற்குப் போதாமல் புகை சிலிண்டரிலேயே தங்கிவிடுகிறது. பிளக் பொறி விட்டாலும் பற்றுவதில்லை. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் கலவை சேர்ந்ததும் சட்டென்று பற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்க வேண்டிய என்ஜின் இரண்டு, மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. இதற்கு ஃபோர்-ஸ்ட்ரோக்கிங் என்று பெயர்.

பெரிய கம்பெனிகளே இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. தங்கிப்போகும் அந்தச் சூடான புகையைக் கொண்டே, பொறி இல்லாமல் கலவையைத் தானாகப் பற்றவைக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷிகெரு ஒனிஷியும் குழுவினரும் 1979-இல் காட்டினார்கள். ஹோண்டா அந்த வழியில் போய், எக்ஸாஸ்ட் வாயைச் சுருக்கும் வால்வு ஒன்றை வைத்து, 402 சிசி இஎக்ஸ்பி-2 என்ற டூ-ஸ்ட்ரோக்கை 1995 கிரனாடா-டாக்கர் பந்தயத்துக்கு அனுப்பியது. ஒட்டுமொத்த வரிசையில் அது 5-ஆவதாக வந்தது. நம் வண்டிகளில் அந்த வால்வு இல்லை. ஆகவே இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு உருளும்போது கொஞ்சம் வெட்டத்தான் செய்யும். அதை ஒழிக்கக் காசு செலவழிக்காதீர்கள். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது வெட்டினால்தான் வேலை இருக்கிறது.

அந்த வேலையின் முதல் கருவி ஒட்டும் டேப். ஆக்ஸிலேட்டர் கைப்பிடியின் ஓரத்தில் சுற்றி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். பக்கத்து ஸ்விட்ச் பெட்டியில் ஒரு கோடு. இப்போது ஓட்டிப் பார்த்தால் எந்தக் கோட்டில் தடுமாறுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். கார்புரேட்டரில் எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி செய்கின்றன. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடிவெட்டு, அதற்குமேல் முக்கால் வரை நீடில். மெயின் ஜெட் வேலைக்கு வருவது அதன் பிறகுதான். லேசாக முறுக்கும்போது வெட்டும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது வீண்.

அடுத்த கேள்வி, கலவை ரிச்சா, லீனா? அதாவது பெட்ரோல் கூடுதலா, குறைச்சலா? காலியான சாலையில் வெட்டும் வேகத்திலேயே ஓட்டிக்கொண்டு பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் இறங்க இறங்கக் கலவை லீனாகும். அணையப்போகும் முன் வண்டி திடீரென்று வழுவழுவென ஓடினால் இதுவரை ரிச்சாக ஓடியிருக்கிறது. மாறாக, சோக்கைக் கொஞ்சம் இழுத்தபோது வெட்டல் குறைந்தால் லீன். ரிச் கோளாறு என்ஜின் சூடேறியதும் மோசமாகும், லீன் கோளாறு காலையில் குளிர்ந்த என்ஜினில் படுத்தும்.

லீன் என்று தெரிந்ததும் ஜெட்டைப் பெரிதாக்கத் தோன்றும். பொறுங்கள். முப்பது, நாற்பது வருட வண்டியில் சந்தேகப்பட வேண்டியது ஜெட்டை அல்ல, திருட்டுக் காற்றை. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ் சும்மா ஒரு பெட்டி இல்லை, கலவையை உறிஞ்சி அழுத்தும் பம்ப்பே அதுதான். அதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரியும், மடிப்பில் வெடித்திருக்கும். ஐட்லிங்கில் விட்டு அந்த இடத்தில் டபிள்யூடி-40 கொஞ்சம் அடித்தால் சத்தம் மாறும். அப்போதே கண்டுபிடித்தாயிற்று. சூடான சைலன்சர் பக்கம் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

ரப்பர் சரி என்றால் கிராங்க் ஆயில் சீல்கள். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் காற்று வரும்: ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்க மறுத்து மிதக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு எரியும். புகை வெள்ளையாகக் கொட்டும், கியர் ஆயில் மட்டம் குறையும், பிளக் நனையும். இந்தப் புகையைப் பார்த்து '2டி ஆயில் ஜாஸ்தி' என்று ஆயிலைக் குறைப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தவறு வேறில்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால், எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்றேற்றி கேஜ் ஊசியைப் பார்க்க வேண்டும். சில நிமிடம் நகராமல் நின்றால் சீல் நன்று. விறுவிறுவென்று இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி வழி காட்டும். அதிகமாக ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

ஆர்எக்ஸ் 100, ஆர்டி 350 மாதிரி ரீட் வால்வு உள்ள வண்டிகளில் இதழ்களின் நுனி உடைந்திருக்கிறதா, மூடும்போது வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஆர்டி 350-க்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழாவிட்டால் லேசான திறப்பில் ஒரு சிலிண்டர் இன்னொன்றை இழுத்துக்கொண்டுதான் ஓடும். கார்புரேட்டர் வாயில் விரலை விட்டு, கேபிளை மெல்ல இழுத்து, இரண்டையும் தொட்டுப் பாருங்கள்.

ரிச் பக்கம் வந்தால் கதை வேறு. சைலன்சரின் உள்குழாயும் எக்ஸாஸ்ட் போர்ட்டும் கரி பிடித்து அடைத்திருந்தால் புகை இன்னும் அதிகமாகத் தங்கும், வெட்டல் கூடும். கரி எடுத்தாலே பாதி வண்டிகள் திருந்தும். ஏர் ஃபில்டர் அழுக்கு, முழுதாக மூடாத சோக் பிளஞ்சர், மட்டம் ஏறிய ஃப்ளோட் இவையும் இதே ரகம். யாரும் கவனிக்காத குற்றவாளி நீடில் ஜெட். நீடில் வருடக்கணக்கில் ஆடி ஆடி அந்தப் பித்தளைத் துளையை நீள்வட்டமாக்கிவிடும். நீடில் கிளிப்பை எவ்வளவு மாற்றினாலும் தீராது. நீடிலையும் ஜெட்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். சந்தையில் கிடைக்கும் மலிவு கிட்களில் நீடிலின் சரிவே தப்பாக இருக்கும். தேய்ந்த ஒரிஜினலைவிட அது மோசம்.

புகை கலந்த கலவையைப் பற்றவைக்க நல்ல பொறி வேண்டும். புது பிளக், நல்ல பிளக் கேப், பாயின்ட் வண்டியென்றால் இடைவெளியும் டைமிங்கும். இவ்வளவு போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஏர் ஸ்க்ரூ. முதலில் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் பாருங்கள். கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். என்ஜின் சூடானதும் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாக இரு பக்கமும் நகர்த்தினால் ஓரிடத்தில் ஆர்பிஎம் அதிகமாக ஏறும், அதுதான் இடம். உள்ளே திருகினால் ரிச், வெளியே லீன். ஒரு சுற்றுக்கும் உள்ளேதான் நன்றாக ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் சிறிது. இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பெரிது. இ20 பெட்ரோல் வந்தபின் ஒரு சைஸ் பெரிய ஸ்லோ ஜெட் கேட்கும் வண்டிகள் உண்டு. பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். அதனால் பழைய ஜெட்டில் இ20 லீனாகத்தான் ஓடும்.

வெட்டல் முழுதும் போகட்டும் என்று லீனாக்கிக்கொண்டே போகாதீர்கள். கொஞ்சம் ரிச்சாகத் தடுமாறும் டூ-ஸ்ட்ரோக் நெடுநாள் உழைக்கும். லீனாக வழுவழுவென ஓடுவது நெடுஞ்சாலையில் பிஸ்டன் ஜாமில் கொண்டுபோய் விடும்; ரீபோர் செலவு தனி. செயின் தொய்வையும் பின்சக்கர டிரம்முக்குள் உள்ள டேம்பர் ரப்பரையும் பார்த்துவிடுங்கள். என்ஜினின் சின்ன வெட்டலைப் பெரிய உதறலாகக் காட்டுபவை அவைதான்.

பட்டறைக்கே போவதென்றாலும் 'மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே' என்று மட்டும் சொல்லாதீர்கள். டேப்பில் எந்தக் கோட்டில், சூட்டிலா குளிரிலா, பெட்ரோல் டேப்பை மூடினால் என்ன ஆகிறது, கியர் ஆயில் குறைகிறதா என்ற நான்கையும் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அது போதும்.