உறைந்த ஆற்றின் வழியே வந்த பெயர்

லே நகரக் கிளைக்கு எனக்கு மாற்றல் ஆணை வந்தபோது, தஞ்சாவூரில் என் தாயார் முதலில் கேட்டது, “அங்கே குழந்தை குட்டிகளோடு மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள்?” என்பதுதான். அதற்கு அன்று என்னிடம் விடையில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் குடியிருந்த வீட்டில் பிறந்த ஒரு பெண் குழந்தைதான் அந்த விடையை எனக்குக் கற்றுத் தந்தது.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, சமவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. குளிர்காலத்தில் சோஜி லா வழியாக ஸ்ரீநகர் செல்லும் சாலையும், மணாலிச் சாலையும் பனியால் மூடப்படும். பிறகு வெளியுலகுக்கு விமானம் ஒன்றே வழி. அதுவும் வானம் தெளிந்திருந்தால் மட்டுமே.

லேயே இப்படியென்றால் சன்ஸ்கார் பள்ளத்தாக்கின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கார்கிலிலிருந்து பென்சி லா கணவாயைக் கடந்து பதும் என்னும் ஊர் வரை செல்லும் சாலை, பனி விழத் தொடங்கியதும் பல மாதங்களுக்கு அடைபட்டுப் போகும். ஆகவே, குளிர்காலத்தில் பேறுகாலம் நெருங்கும் பெண்கள் பலர் இலையுதிர் காலத்திலேயே லேவுக்கோ கார்கிலுக்கோ வந்து உறவினர் வீடுகளில் தங்கிவிடுவது அப்பகுதியின் வழக்கம். என் வீட்டு உரிமையாளரின் தங்கையும் அவ்வாறுதான் அக்டோபரில் வந்து சேர்ந்தார். உடன் அவருடைய மாமியார். கணவர் கிராமத்திலேயே தங்கிவிட்டார். ஆடுகளையும் யாக்குகளையும் விட்டு வர முடியாது.

டிசம்பர் நடுவில் லே அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை என்னும் அம்மருத்துவமனையைப் பற்றிச் சொல்லும்போது டாக்டர் செரிங் லாண்டோலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. லடாக்கின் முதல் மகப்பேறு மருத்துவர்களுள் ஒருவரான அவருக்கு 2006இல் பத்மஸ்ரீயும், 2020இல் பத்மபூஷணும் வழங்கப்பட்டன. வீட்டுக் கொட்டிலிலும் அடுக்களை மூலையிலும் பிரசவம் நடந்து வந்த ஊரில், மருத்துவமனைக்கு வரலாம் என்ற நம்பிக்கையைப் பெண்களிடம் உண்டாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர்.

குழந்தை சற்று எடை குறைவாகவே இருந்தது. உயரமான மலைப்பகுதிகளில் இது அரிதன்று. லடாக்கின் சிசுக்களைப் பற்றியே ஆண்ட்ரியா வைலி என்னும் மானுடவியல் அறிஞர் ஒரு நூல் எழுதி 2004இல் வெளியிட்டிருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டுப் பாட்டியம்மாவுக்கு எந்த நூலும் தேவைப்படவில்லை. பாட்டியை லடாக்கி மொழியில் ‘ஆபி’ என்பார்கள். மரியாதைக்கு ‘லே’ சேர்த்து ‘ஆபி-லே’. நம் ‘அம்மா’ அங்கே ‘ஆமா’. முதல் வாரத்தில் நான் கற்ற இந்த இரண்டு சொற்களே அக்குடும்பத்தோடு என்னைச் சேர்த்து வைத்தன.

குளிர்காலத்தில் லடாக்கிக் குடும்பம் முழுவதும் ஒரே அறைக்குள் சுருங்கிவிடுகிறது. சமையல், உணவு, உறக்கம், வழிபாட்டு முணுமுணுப்பு, குழந்தையின் அழுகை எல்லாம் ‘புகாரி’ என்னும் இரும்புக் கணப்பைச் சுற்றியே. பெயரைக் கேட்டதும் அது நம் ‘புகை’க்கு உறவோ என்று நான் ஐயுற்றதுண்டு, உறவில்லை. விறகும் காய்ந்த சாணமும் அதன் தீனி. அதன் புகைக்குழாய் சரியாக இல்லையெனில் கார்பன் மோனாக்சைடு அறையை நிறைத்து, உறங்குபவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும். எனவே வெளியே மைனஸ் 20 டிகிரி குளிர் இருந்தாலும், ஆபி-லே படுக்கும் முன் நெருப்பை அணைத்து, சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பார். அதன் பிறகு இரவு முழுவதும் குழந்தைக்கு வெப்பம் தருவது தாயின் உடல்தான்.

பகலில் வீட்டின் தெற்குப் பக்கத்துக் கண்ணாடி அறைக்குக் குடும்பம் இடம் பெயரும். லடாக்கின் வானம் குளிர்காலத்திலும் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். கண்ணாடி வழியே இறங்கும் வெயிலில், வாதுமை எண்ணெய் போல மணக்கும் சர்க்கரைப் பாதாமிக் கொட்டை எண்ணெயைக் குழந்தையின் உடலெங்கும் தேய்த்து, ஆபி-லே கால்களை நீவிவிடுவார். ஆபிரிகாட் என்றால் பலருக்குப் புரியும். அந்தப் பழத்தின் எந்தப் பகுதியும் அங்கே வீணாவதில்லை.

துணி துவைப்பதுதான் பெரும்பாடு. குழாய்கள் உறைந்துவிடும், தண்ணீர் லாரிக்காகவோ கைப்பம்புக்காகவோ வாளிகளோடு காத்திருக்க வேண்டும். துவைத்துக் கொடியில் போட்ட குழந்தைத் துணிகள் கால்மணி நேரத்தில் அப்பளம் போல விறைத்து நிற்கும். ஆனால் காற்று அவ்வளவு வறண்டது. பனிக்கட்டி உருகாமலேயே ஆவியாகி, மறுநாளுக்குள் துணி காய்ந்துவிடும். தம் இளமையில் இத்தொல்லையே இல்லை என்பார் ஆபி-லே. உலர்ந்த ஆட்டுப் புழுக்கையைப் பொடித்துச் சூடாக்கி, பைக்குள் பரப்பி, அதன்மேல் குழந்தையைக் கிடத்துவார்களாம். ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், வெதுவெதுப்பும் தரும், நனைந்ததை வயலில் கொட்டினால் எருவாகும். கேட்டபோது முகம் சுளித்தேன். பிறகு, கடையில் வாங்கிய டயப்பர்கள் குப்பைமேட்டில் மக்காமல் கிடப்பதைப் பார்த்தபோது ஆபி-லே சொன்னதை மீண்டும் நினைத்துக்கொண்டேன்.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சன்ஸ்காரில் தங்கள் ஊர் மடத்திலுள்ள மூத்த லாமா தரும் பெயரையே வைப்பதென்று தந்தை உறுதியாக இருந்தார். அவருடைய கிராமத்தில் தொலைபேசித் தொடர்பு கிடையாது. பதும் வரை நடந்து வந்தால்தான் பேச முடியும். அதுவும் இணைப்புக் கிடைத்தால். மகள் பிறந்த செய்தியே அவருக்கு ஐந்து நாள் கழித்துத்தான் எட்டியது.

இந்தப் பெயர்ச் சிக்கல் என் மேசைக்கும் வந்தது. மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்க வேண்டும் என்று தாய் விரும்பினார். அக்காலத்தில் அதற்குத் தொடக்கத் தொகை ஆயிரம் ரூபாய். 2018இல்தான் அது 250 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பஷ்மினா நூல் நூற்றுச் சேர்த்த பணத்தை அவர் முடிச்சோடு கொண்டு வந்தார். குழந்தையின் பெயரில்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யச் சட்டம் இடமளிக்கிறது; ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பெயரில்லாமல் கணக்குத் தொடங்க இயலாதே! முடிச்சு மீண்டும் பெட்டிக்குள் போயிற்று.

ஜனவரியில் குழந்தைக்குச் சளி பிடித்தது. இரண்டாம் நாள் இரவு பால் குடிக்க மறுத்தது. விலாவெலும்புகள் உள்வாங்கி மூச்சு இழுத்தது. வீட்டு உரிமையாளரின் வண்டி குளிரில் உறைந்து கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு ராணுவ வீரர் தம் வண்டியின் அடியில் தணல் தட்டை வைத்துச் சூடாக்கிக் கிளப்புவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரமும் ஆபி-லே ஒரு சொல் பேசவில்லை. புறப்படும்போது மட்டும் அடுப்புக்கரியைத் தொட்டுக் குழந்தையின் மூக்கு நுனியில் வைத்தார். நம் ஊர்த் திருஷ்டிப் பொட்டு! நிமோனியா என்றார் மருத்துவர். நான்கு நாட்கள் பிராணவாயு செலுத்தினார்கள். அந்நாட்களில் தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பெயர் வருவதற்குள் ஏதேனும் ஆகிவிட்டால், இவளை என்னவென்று சொல்லி அழுவேன்?”

குழந்தை பிழைத்துக்கொண்டது.

பிப்ரவரி முதல் வாரத்தில், முகம் குளிரில் கறுத்து, உதடு வெடித்த ஒருவர் வாசலில் நின்று ‘ஜூலே’ என்றார். குழந்தையின் தந்தை. ஆடுகளைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் ஐந்து நாட்கள் நடந்து, இரவுகளில் குகைகளில் தங்கி, சில்லிங் அருகே கரையேறி வந்திருந்தார். ‘சாதர்’ என்னும் இப்பனிப்பாதை இன்று மலையேற்றப் பயணிகளிடையே புகழ்பெற்றது. சன்ஸ்கார் மக்களுக்கோ அது தலைமுறை தலைமுறையாக ஊர்வழி. பனிக்கட்டி உடைந்த இடங்களில் பாறைச்சுவரைப் பற்றிக்கொண்டு வர வேண்டும். மேலங்கிக்குள் மார்போடு சேர்த்துக் கட்டிய துணிக்குள், லாமா எழுதித் தந்த காகிதம் நனையாமல் இருந்தது.

நிலைமை இன்று மாறி வருகிறது. நிம்மு–பதும்–தார்ச்சா இடையே 298 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையை எல்லைச் சாலைகள் நிறுவனம் 2024 மார்ச்சில் இணைத்துவிட்டது. ஷிங்கு லா கணவாயின் கீழ்ச் சுரங்கப்பாதைப் பணி அதே ஆண்டு ஜூலையில் தொடங்கியது. ஆயினும் மலைநாட்டுக் குழந்தைக்குத் தொலைவு இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2020இல் லேயில் பிறந்த ஒரு குழந்தைக்குப் பால் விழுங்க முடியாத குறை இருந்தது. அறுவை சிகிச்சைக்காக அதை டில்லிக்குக் கொண்டு சென்றார்கள். தாய் லேயிலேயே இருக்க நேர்ந்ததால், அவருடைய தாய்ப்பால் ஏறத்தாழ ஒரு மாத காலம் நாள்தோறும் விமானத்தில் டில்லிக்குச் சென்றது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது அந்தக் காகிதம்தான் என் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை கிளை திறந்ததும் மூவரும் வந்தார்கள். தாய், தந்தை, கம்பளிச் சுருளுக்குள் குழந்தை. லாமா தந்த பெயரில் இரண்டு சொற்கள். முதற்சொல் அவ்வீட்டில் ஏற்கெனவே மூவருக்கு உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். குடும்பப் பெயர் என்று எதுவுமில்லை. படிவத்தின் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தைக் காட்டித் தந்தை விழித்தார். எங்கள் ஊரிலும் அப்படியொன்று கிடையாது என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் கோடிட்டேன். தாய் முடிச்சை அவிழ்த்து ஆயிரம் ரூபாயை எண்ணி வைத்தார். குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது, மூக்கு நுனியில் கரி அப்படியே இருந்தது.