வளரும் வயதில் வளையும் முள்ளந்தண்டு

பத்து வயதுக்குப் பின் சில பிள்ளைகளின் முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து, சற்றே முறுகியும் விடுகிறது. வைத்தியர்கள் இதனை ஸ்கோலியோசிஸ் என்பர். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது ஏற்படுகிறது. புத்தகப் பையோ, கூனி உட்காருவதோ இதற்குக் காரணமன்று. ஆகவே பிள்ளையையோ பெற்றோரையோ குறைகூற இதில் ஒன்றுமில்லை.

இவ்வளைவு பெரும்பாலும் வலியின்றியே வளரும். பெண் பிள்ளைகளிடமே அதிகம் முற்றும். தளர்வான சீருடைக்குள் எவர் கண்ணிலும் படாமலும் போகும். எனவே வீட்டில் உம்மாவே பார்க்கலாம். பிள்ளை பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடியாமல், கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியட்டும். பின்னால் நின்று பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாக எழுந்திருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தோள்கள் ஏற்ற இறக்கமாக இருப்பதும் ஓர் அடையாளமே.

எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகையை எட்டினால் அது ஸ்கோலியோசிஸ். 25 பாகைக்குக் குறைவாயின் சில மாதங்களுக்கு ஒருமுறை அவதானித்தால் போதும். வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 பாகை வரை இருந்தால் பிரேஸ் எனும் பிளாஸ்டிக் கவசம் அணிவிப்பர். வளைவு மேலும் முற்றாமல் தடுப்பதே அதன் வேலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013 இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தோரில் 72 சதவீதத்தினர் சத்திரசிகிச்சை அளவை எட்டாமல் தப்பினர். அணியாதோரில் 48 சதவீதத்தினரே தப்பினர். தினமும் 13 மணித்தியாலத்துக்கு மேல் அணிந்தோரில் பத்தில் ஒன்பது பேர் தப்பினர். வளைவை மறைத்த அதே சீருடை பிரேஸையும் மறைக்கும்!

ஜெர்மனியில் கத்தரினா ஷ்ரோத் 1921 இல் தொடங்கிய மூச்சுடன் கூடிய பயிற்சிகளையும் பிசியோதெரபி நிபுணர்கள் கற்பிக்கின்றனர். எண்ணெய் பூசி உருவுவது வளைவைத் தடுக்காது.

லுணுகலையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ பதுளை வைத்தியசாலைக்கு வர, தோட்டத்துத் தாய் ஒருநாள் சம்பளத்தை இழக்க வேண்டும். ஆயினும் தள்ளிப்போட முடியாது. பிள்ளை பெரியவளாகி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் உயர வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். அதன்பின் பிரேஸால் பயனில்லை. 7 ஆம், 10 ஆம் தரங்களில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையன்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

நாளைய கலியாணப் பேச்சுக்குக் குறையாகிவிடுமென அஞ்சி மறைப்போரும் உண்டு. மறைக்கும் அந்த ஆண்டுகளில்தான் வளைவு முற்றுகிறது. கத்தியின்றிக் காக்கக்கூடிய ஆண்டுகளும் அவையே.