பேரிடர் மேலாண்மையும் பொறுப்புடைமையும்: தஞ்சோங் மாலிம் வழி ஒரு விளக்கம்

பேரிடர்க் காலத்தில் மக்கள் எழுப்பும் முதல் வினா, யார் பொறுப்பு என்பதாகும். தஞ்சோங் மாலிமில் இவ்வினா மேலும் சிக்கலாகிறது. இங்கு ஓடும் பெர்ணம் ஆறே பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் எல்லையாகும். வெள்ளம் பெருகினால் ஒரு கரை முஅல்லிம் மாவட்ட அதிகாரியின் பொறுப்பு. மறுகரை உலு சிலாங்கூர் மாவட்ட அதிகாரியின் பொறுப்பு.

இப்பகிர்வுக்கு அடிப்படையாக அமைந்தது, தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணை. 1993இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். அதன் பின்னர், 1997இல் இவ்வாணை வெளியிடப்பட்டது. மாவட்டம், மாநிலம், கூட்டரசு எனும் மூன்று நிலைகளை அது வகுத்தது. பேரிடரின் கடுமைக்கேற்பப் பொறுப்பு மேல்நிலைக்குச் செல்லும். இவற்றை ஒருங்கிணைக்க 2015இல் நட்மா எனும் தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் அமைக்கப்பட்டது.

எனினும், 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது மக்கள் கூரைகளில் காத்திருந்தனர். தன்னார்வலர்களின் படகுகள் பலரை மீட்டன. கூட்டரசா, மாநிலமா என்ற வாதமும் எழுந்தது. குறைபாடுகள் இருந்தமையை அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி ஒப்புக்கொண்டார்.

இதற்கான காரணத்தை அவ்வாணையின் இயல்பிலேயே காண்கிறோம். அது நாடாளுமன்றச் சட்டமன்று, நிருவாக ஆணை. கடமையைப் பகிர்ந்தளித்தது, தவறியோரைத் தண்டிக்கவில்லை. நீதிமன்றத்தை நாடுவோர்க்கும் வழி எளிதன்று. ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்திற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு எனக் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது.

எனவே, எச்சரிக்கை எப்போது கிடைத்தது, யார் ஆணையிட்டார், படகு எப்போது புறப்பட்டது ஆகியவற்றை ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் மக்களுக்கு வெளியிடுதல் வேண்டும். இருகரை மக்களின் வினாவுக்கும் அதுவே முதல் விடையாகும்.